உலைக்கு முன் ஒரு பிடி

மேட்டுப்பாளையத்தில் பொழுது புலர்வது லாரிகளின் ஓசையோடுதான். புதுச்சேரி நகரின் வடமேற்கே அமைந்த இத்தொழிற்பேட்டையில், இரவுப் பணி முடித்து வீடு திரும்புவோரும் காலைப் பணிக்கு விரைவோரும் ஒருவரையொருவர் முகம் பாராமல் கடந்து செல்லும் நேரம் அது. நெடுந்தொலைவு வண்டி ஓட்டி வந்தவர்கள் லாரியின் ஓரத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு நான் நடந்து வரும் வழியில், சாலையோரத்தில் இட்லி விற்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். முதல் ஈடு வெந்து இறங்கியதும் அதிலிருந்து நான்கு இட்லிகளை எடுத்து, இலையில் மடித்து, ஒரு தூக்குச் சட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் அவர் விற்பனையைத் தொடங்குவார். பல நாள் இதைக் கண்ட பின்னர் ஒருநாள், "யாருக்கும்மா எடுத்து வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"யாருக்குன்னு தெரியாது சாமி. கையில காசில்லாம யாராச்சும் வருவாங்க. வரலன்னா தெருக்கோடி ஆயாவுக்குப் போவும். இத எடுத்து வச்சாத்தான் மனசு ஆறும். இது கணக்குல வராது" என்றார்.

அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவரது கடைசிச் சொற்றொடர் அன்று முழுவதும் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் தாயின் அடுப்பங்கரையில் நான் கண்ட காட்சி ஒன்றை அது எழுப்பிவிட்டது.

அரிசியை அளந்து முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி, மூலையில் இருந்த சிறு கலயத்தில் போடுவார் என் அன்னை. போடும்போது சிலுவை அடையாளம் வரைவார். ஞாயிறுதோறும் அக்கலயம் கோவிலுக்குச் செல்லும். அல்லது உபதேசியார் சாக்குப் பையோடு வாசலுக்கு வருவார். அதற்குப் பெயர் பிடி அரிசி. வீட்டில் அரிசி குறைந்த நாள்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. "நமக்கே போதாதேம்மா" என்று நாங்கள் முணுமுணுத்தால், "உலையில போட்டப்புறம் எடுத்தா அது மிச்சம்; முன்னாடி எடுத்தாத்தான் தர்மம்" என்பார். குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் பயின்றேன். ஆயினும் பிறரன்பைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு வாய்த்ததில்லை.

இந்தப் பிடி அரிசியின் கதை, நாம் நினைப்பதைவிட நீண்டது. அதன் சில பக்கங்களை வாசக அன்பர்களோடு புரட்டிப் பார்க்க விழைகிறேன்.

சாரிபாத்தின் மாப்பானை

விவிலியத்தில் பிடியளவு தர்மத்தின் முதற்பெரும் சாட்சி, சாரிபாத்து ஊரின் ஒரு கைம்பெண். பஞ்ச காலம். பானையில் எஞ்சியிருப்பது ஒரு கை மாவு. அதைச் சுட்டுத் தன் மகனோடு உண்டுவிட்டுச் சாவதே அவளது திட்டம். அவளிடம் வந்து இறைவாக்கினர் எலியா உணவு கேட்கிறார். அதுவும் தனக்கு முதலில் ஒரு சிறிய அப்பம் சுட்டுத் தரும்படி கேட்கிறார். (1 அரசர்கள் 17)

நாம் இப்பகுதியைப் படிக்கும்போது, பானை வற்றாத புதுமையிலேயே கண் வைக்கிறோம். நான் இப்போது வியப்பது வேறொன்றை. செல்வர் வீட்டுக் கதவைத் தட்டாமல் ஊரிலேயே மிக ஏழையான ஒருத்தியிடம் கடவுள் ஏன் தம் ஊழியரை அனுப்பினார்? அவளும் இஸ்ரயேல் குலத்தவள் அல்லள், சீதோன் நாட்டவள். "உன்னிடம் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது" என்று அவளிடம் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். எலியா கேட்டது அவளது வறுமையை இழிவு செய்யவில்லை. பெறுபவளாக மட்டுமே எண்ணப்பட்டவளை அது கொடுப்பவளாக உயர்த்தியது.

இதே கண்ணோட்டத்தோடுதான் ஆண்டவர் இயேசு, கோவிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்தார். ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசுகளைச் சீடர்களுக்குச் சுட்டிக் காட்டினார். ஐந்து வாற்கோதுமை அப்பங்களை ஒரு சிறுவனிடமிருந்து வாங்கினார். ஒரு கிண்ணம் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்றார். புனித பவுல், எருசலேமின் வறியோருக்காகக் கொரிந்து நகர மக்களிடம் உதவி கேட்டபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்ப ஒரு சிறு தொகையை எடுத்து வைக்கும்படி எழுதினார். தாமே வறுமையில் உழன்ற மாசிதோனியத் திருச்சபைகள், தங்களுக்கும் இதில் பங்கு வேண்டுமென்று மன்றாடிக் கேட்டு வாங்கியதை அவர் நெகிழ்ந்து கூறுகிறார். கொடுப்பதை ஓர் அருளாக எண்ணி அந்த ஏழைகள் கேட்டார்கள். திருச்சபையின் பொருளாதாரம் இவ்வாறுதான் தொடங்கியது.

லியோன் நகரின் ஒரு 'சூ'

பல நூற்றாண்டுகள் கடந்து, பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு வருவோம். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. பட்டு நெய்தவர்களோ அரை வயிற்றுக் கஞ்சிக்கு அல்லலுற்றவர்கள்; 1831-ஆம் ஆண்டிலும் 1834-ஆம் ஆண்டிலும் கூலி உயர்வு வேண்டி அவர்கள் கிளர்ந்தெழுந்ததை வரலாறு அறியும். அந்நகரில் பட்டு வணிகக் குடும்பம் ஒன்றில் 1799-இல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. குருத்துவப் படிப்பில் இருந்த தம் அண்ணன் வாயிலாகக் கீழை நாட்டு மறைபரப்புத் தளங்களின் வறுமையைக் கேள்வியுற்ற இப்பெண், ஓர் எளிய வழியைக் கண்டார். பட்டாலையில் உழைத்த பெண்கள் வாரம் ஒரு 'சூ' கொடுப்பது. பிரெஞ்சுக் காசுகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று அது. பத்துப் பேருக்கு ஒருவர் அதைத் திரட்டுவார். பத்துப் பத்துக்களாக நூறு. நூறு நூறாக ஆயிரம்.

இந்தச் சில்லறைக் காசுகளின் மேல் எழுந்ததுதான் 1822-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் நிறுவப்பெற்ற விசுவாசப் பரப்புதல் சங்கம். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1922-இல், அது திருத்தந்தையின் சங்கமாக உயர்த்தப்பட்டது. புதுச்சேரியில் பணியாற்றிய பாரீசு வேதபோதக சபைக் குருக்களுக்கு அச்சங்கத்தின் உதவி ஆண்டுதோறும் கிட்டியது. நம் பகுதியில் எழுந்த எத்தனையோ சிற்றாலயங்களிலும் பள்ளிகளிலும் அனாதை இல்லங்களிலும், நம் ஊர்ப் பெயரை உச்சரிக்கக்கூட அறியாத ஆலைத் தொழிலாளி ஒருத்தியின் வாரக் காசு கலந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

பவுலின் பிற்காலத்தில் தம் செல்வத்தையெல்லாம் இழந்தார். தொழிலாளர் நலனுக்காக அவர் தொடங்கிய முயற்சி ஒன்றில் வஞ்சகரால் ஏமாற்றப்பட்டு, கடனில் மூழ்கி, நகராட்சியின் வறியோர் பட்டியலில் பெயர் பதிந்தவராக 1862-இல் மறைந்தார். கொடுப்போர் வரிசையில் தொடங்கிப் பெறுவோர் வரிசையில் முடிந்த வாழ்வு அது. 2022-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள், லியோன் நகரிலேயே அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

கைனகரியின் பிடியரி

பவுலின் ஜாரிக்கோ மறைந்த அதே பத்தாண்டில், நம் அண்டை நாடாகிய கேரளத்தில் ஒரு குரு அரிசிப் பானையை நோக்கிக் கை நீட்டினார். புனித சாவறை குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார், குட்டநாட்டின் நீர்சூழ் சிற்றூராகிய கைனகரியில் 1805-இல் பிறந்தவர். 1831-இல் மன்னானத்தில் துறவற சபை ஒன்று தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். 1846-இல் அங்கே வடமொழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். 1860-களில் சீரோ மலபார் மக்களின் தலைமைக் குருவாக இருந்தபோது, ஒவ்வொரு கோவிலோடும் ஒரு பள்ளிக்கூடம் எழுப்பப்பட வேண்டும் என்று கண்டிப்புடன் ஆணையிட்டார்.

பள்ளி எழுந்தது, பிள்ளைகள் வரவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, எழுத்தைவிடக் கஞ்சி அவசரமாக இருந்தது. பகல் உணவு கொடுத்தாலன்றி அவர்கள் வரமாட்டார்கள் என்பதை அடிகளார் கண்டார். உணவுக்குப் பணம்? அதற்காக அவர் தேர்ந்த வழிதான் 'பிடியரி'. ஒவ்வொரு வீட்டிலும் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது. வாரம் ஒருமுறை அதைத் திரட்டுவது. அவ்வரிசி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறாயிற்று. 1869-இல் கைனகரியில் அவர் தொடங்கிய ஆதரவற்றோர் இல்லத்திற்கும் இத்தகைய சிறு சேமிப்புகளே துணை நின்றன.

எண்ணிப் பாருங்கள். சென்னை மாநகராட்சி தன் பள்ளி ஒன்றில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது 1920-இல். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியினர் அதைத் தொடங்கியது 1930-இல். பெருந்தலைவர் காமராசர் அதைத் தமிழகமெங்கும் விரித்தது 1956-இல்; எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தது 1982-இல். அரசுகள் செய்யப் பல்லாண்டு பிடித்த ஒன்றை, குட்டநாட்டுப் பெண்கள் தங்கள் கைப்பிடியால் முன்னரே செய்து காட்டினார்கள்.

சாவறை அடிகளார் 1868-இல் கைனகரி மக்களுக்கு ஒரு மடல் எழுதினார். நல்ல தந்தை ஒருவர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் மரண சாசனமாக அது அமைந்தது. பிறர்க்கு ஏதேனும் ஒரு நன்மை செய்யாத நாளை உங்கள் வாழ்நாளின் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பது அதில் அவர் தரும் அறிவுரைகளுள் ஒன்று. மேட்டுப்பாளையத்து இட்லிக்கார அம்மையார் தம் நன்மையை வியாபாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாவறை அடிகளாரோ நன்மையில்லாத நாளை வாழ்க்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் எனலாம். அடிகளார் 1871-இல் இறைவனடி சேர்ந்தார். 2014-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இவ்வழக்கம் கேரளத்தோடு நிற்கவில்லை. வடகிழக்கே மிசோரம் மலைகளில், பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து வருகிறார்கள். கையில் காசைக் காணாத மலைக் குடும்பங்கள் தொடங்கிய அப்பழக்கம், இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரண்டு அச்சபையின் ஊழியங்களைத் தாங்குகிறது.

தாது வருடத்தில் அளந்த அரிசி

சிறு உதவியின் மதிப்பை முழுதும் உணர, அதற்கு மாறான ஒன்றையும் நாம் நோக்க வேண்டும்.

1876-இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன கொடுமை தொடங்கியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய பகுதிகளில் மாண்டவர்கள் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது மதிப்பீடு. 1877 சனவரி முதல் நாள் தில்லியில், விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட பெருவிழா விருந்துகளோடு நடந்தது. அதே மாதம், வைசிராய் லிட்டன் பிரபு தம் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலைத்தளத்தில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று அவர் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நம் தாய்மார்களின் கையால் சுமார் பத்துப் பிடி. இது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களுக்குப் பின்னரே அந்த அளவு உயர்த்தப்பட்டது.

இதில் நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி ஒன்றுண்டு. இதே டெம்பிள், 1874-இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கியவர். அங்கே பட்டினிச் சாவுகள் பெரிதும் தவிர்க்கப்பட்டன. ஆனால் வீண் செலவு செய்தார் என்று மேலிடத்தில் அவர் இகழப்பட்டார். அந்த இகழ்ச்சிக்குப் பின்னரே சென்னைக்கு வந்தார். இரக்கம் காட்டியதற்காக ஒருமுறை வெட்கப்படுத்தப்பட்ட மனிதர், மறுமுறை தராசோடு வந்து நின்றார். நம் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும், ஏன், நம் பங்குகளிலும்கூட, இரக்கமுள்ளவரை ஏளனம் செய்யும் வழக்கம் எவ்வளவு பெரிய தீங்கை விளைவிக்கக் கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அந்நாள்களில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரெயூனியனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கூலிகளாகக் கப்பலேறிச் செல்வது முன்னரே வழக்கமாகியிருந்தது. இருப்போரை யார் காப்பது? நம் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே வடலூரில், 1867 மே 23-ஆம் நாள் வள்ளலார் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியிருந்தார். பார்வதிபுரத்து மக்கள் அளித்த 80 காணி நிலத்தில் எழுந்தது அது. அடிகளார் 1874-இல் மறைந்த பின்னும் அவ்வடுப்பு அணையவில்லை. இன்றும் அது எரிகிறது. புதுச்சேரியிலோ ஆயர் லவுனான் ஆண்டகையின் தலைமையில் குருக்களும் கன்னியரும் பசித்து வந்தவர்களுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தந்தனர். லியோன் நகரத்துக் காசு இங்கே கஞ்சியாயிற்று. வடலூர் அடுப்பையும் புதுவையின் கஞ்சித் தொட்டியையும் இன்று நினைக்கும்போது, இரண்டுக்கும் முன் நான் தலை வணங்குகிறேன்.

சுவரும் சாக்கும்

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. பஞ்சத்தின் போதும் அதை அடுத்தும் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்ற ஏளனச் சொல் அவர்கள்மேல் வீசப்பட்டது. அவர்களது பேரப்பிள்ளைகளின் காதுகளிலும் அது ஒலித்தது. பசித்தவன் சோறிட்ட கையை நம்பியது குற்றமன்று. அந்நம்பிக்கையில் இறைவன் செயல்படவில்லை என்று சொல்ல நாம் யார்? ஆனால் சோறிட்டவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது தூண்டிலாக இடப்பட்டதா, தானமாக இடப்பட்டதா? மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்யும் என்று வள்ளுவர் ஒப்புரவைப் பற்றிப் பேசும்போது வினவினார். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், வலப்பக்கம் நிற்பவர்கள் தாங்கள் எப்போது உதவினோம் என்றே அறியாமல் திகைக்கிறார்கள். கொடுத்ததை மறந்தவர்களுக்கே அங்கு இடம் கிடைக்கிறது.

பிடி அரிசியின் அழகு இங்கேதான் விளங்குகிறது. சாக்கில் விழுந்த பிறகு எந்த அரிசி யாருடையது என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது. கொடுத்தவருக்கு உண்பவரைத் தெரியாது. உண்பவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது. எனவே நன்றி கேட்கவும் வழியில்லை, நாணித் தலை குனியவும் தேவையில்லை.

புதுவைக் கோவிலின் உள்ளே ஒடுக்கப்பட்ட மக்களைப் பிரித்து வைக்கச் சுவர் ஒன்று இருந்ததும், 1745-ஆம் ஆண்டு அக்டோபரில் அது இடிக்கப்பட்டதும், உயர்சாதியினர் அதை எதிர்த்துக் குமுறியதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. கல்லால் ஆன சுவரை இடித்த பின்னும் மனத்தில் நின்ற சுவர் நெடுங்காலம் விழவில்லை என்பதை நாம் வேதனையோடு அறிவோம். நான் உதவிப் பங்குக் குருவாக இருந்த ஓர் ஊரில், பிடி அரிசி திரட்டும் முதிய உபதேசியாரிடம் ஒருவர் வந்து, "நம்ம தெரு அரிசிக்குத் தனிச் சாக்கு வைக்கக் கூடாதா?" என்று மெல்லக் கேட்டார். உபதேசியார் பதில் சொல்லவில்லை. சாக்கின் வாயை அகலத் திறந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலாக ஒருமுறை கலக்கினார். "இப்பப் பிரிச்சி எடுத்துக்குங்க ஐயா" என்றார். அந்த மறையுரையைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை ஆற்றியதில்லை.

என் பிழை

இவ்வளவும் அறிந்த நானே செய்த பிழை ஒன்றை இங்கே அறிக்கையிட வேண்டும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்றேன். அங்கே பிடி அரிசி வழக்கம் உயிரோடு இருந்தது. ஆனால் புழுங்கலும் பச்சையும் ரேஷன் அரிசியும் கலந்து வந்தபடியால் அது ஒரே பதத்தில் வேகவில்லை. சேமித்து வைத்தால் எலித்தொல்லை. ஏலம் விட்டால் சொற்ப விலை. எனவே, 'காலத்திற்கேற்ற மாற்றம்' என்று சொல்லி, பிடி அரிசியை நிறுத்திவிட்டு, மாதச் சந்தாவாக இரக்க நிதி ஒன்றைத் தொடங்கினேன். இரசீதுப் புத்தகம் அடித்தேன். கொடுத்தவர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தொகை முன்னைவிடப் பெருகியது. மறைமாவட்டத்திற்குக் கணக்கு அனுப்பியபோது எனக்குப் பெருமிதமே உண்டாயிற்று.

ஓராண்டு சென்றிருக்கும். நோயுற்றிருந்த ஒரு கைம்பெண்ணுக்கு நற்கருணை வழங்க அவரது குடிசைக்குச் சென்றேன். எங்கள் இரக்க நிதியிலிருந்து மாதந்தோறும் உதவி பெற்றவர் அவர். முன்னர் பிடி அரிசியிலிருந்தும் பெற்றவர். செபம் முடிந்து எழும்போது, மூலையில் இருந்த ஒரு கலயம் கண்ணில் பட்டது. எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை அரிசி. வண்டு பிடித்து மாவாகிக்கொண்டிருந்தது.

"என்ன பாட்டி இது, இப்படி வீணாப் போகுதே?" என்றேன்.

"கோயிலுக்கு எடுத்து வச்ச பிடி அரிசி சாமி. சீட்டுப் போட்டுக் குடுக்க எங்கிட்டப் பணம் இல்ல. அரிசிதான் இருக்குது. வாங்க யாரும் வரல. எடுத்துத் திங்கவும் மனசு வரல" என்றார்.

வெளியே வந்து நெடுநேரம் பேச்சற்று நின்றேன். இரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். முன்பு ஏறக்குறைய எல்லா வீடுகளும் கொடுத்தன. இப்போது மூன்றில் ஒரு பங்கு வீடுகளே கொடுத்தன. தொகை கூடியிருந்தது, கொடுத்தவர்கள் குறைந்திருந்தார்கள். இருவகை மக்களை நான் உண்டாக்கியிருந்தேன்: கொடுப்போர், பெறுவோர். அந்தப் பாட்டி தாம் பெற்ற அரிசியிலிருந்தே ஒரு பிடியைத் திருப்பிக் கொடுத்து வந்தவர். அவருக்கு உதவித்தொகை தந்த நான், உதவும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிட்டேன். சாரிபாத்தில் எலியா செய்ததற்கு நேர் எதிரானதை நான் செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பலிபீடத்தின் முன் என் பிழையை ஒப்புக்கொண்டு, சாக்கை மீண்டும் கோவில் வாசலில் வைத்தேன். சில கலயங்கள் திரும்பின, பல திரும்பவில்லை. ஒரு பழக்கத்தை நிறுத்த ஓர் அறிவிப்பு போதும். அதை மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

சிறியது ஏன் பெரியது?

இத்தகைய உதவிகள் சிறியவை என்பதால் நாம் அவற்றைப் பேருதவிகளின் சுருக்கம் என்று எண்ணிவிடுகிறோம். அவை தம்மளவில் வேறு வகையைச் சேர்ந்தவை. பெருந்தொகை கொடுக்கச் சிலரால்தான் இயலும். ஒரு பிடி கொடுக்க இயலாதவர் எவருமில்லை. பேருதவி என்றோ ஒருநாள் செய்வது. பிடி அரிசி நாள்தோறும் செய்வது. லிசியே நகரின் கார்மேல் மடத்தில் 24 வயதில் மறைந்த குழந்தை இயேசுவின் தெரேசாள், தமக்கு ஒவ்வாத ஒரு சகோதரியைக் கண்டு புன்னகைப்பதையே தம் தவமாகக் கொண்டார். அச்சிறு வழியைக் கற்பித்தவரைத் திருச்சபை 1997-இல் மறைவல்லுநராக உயர்த்தியது.

கணக்கும் பார்த்துவிடுவோம். ஒரு பிடி ஏறத்தாழ 40 கிராம் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு பிடி வீதம் மாதத்திற்கு 1,200 கிராம். இருநூறு குடும்பங்கள் உள்ள ஒரு பங்கில் அது 240 கிலோவாகும். மாதம் பத்துக் கிலோ வீதம் இருபத்து நான்கு வீடுகளில் அடுப்பு எரியும். ஆனால் இக்கணக்கு எனக்கு இரண்டாவதே. அந்த இருபத்து நான்கு வீடுகளிலும் ஒரு கலயம் இருக்க வேண்டும். அங்கிருந்தும் ஒரு பிடி சாக்கிற்கு வர வேண்டும் என்பதே முதல் கணக்கு.

இன்று நம் வீடுகளில் அரிசி நெகிழிப் பையில் வருகிறது, முறம் மறைந்தது, குக்கர் வந்தது. கலயம்தான் வேண்டும் என்பதில்லை. மேட்டுப்பாளையத்து ஆலைக்குச் செல்லும் இளைஞர் ஒருவர், மதிய உணவில் ஒரு பங்கைப் பெட்டியைத் திறக்கும் முன்பே உடன் வேலை செய்யும் வடமாநிலத் தோழருக்கு ஒதுக்கலாம். அன்பியக் கூட்டத்தில் வறியவர் வீட்டுக்கு உதவி கொண்டுசெல்லும்போது, அவ்வீட்டாரிடமும் ஒன்றைக் கேட்டுப் பெறலாம்: ஒரு செபம், ஒரு நாள் உழைப்பு, பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஒரு வேளைத் துணை. கேட்பதற்கு நாம் கூச வேண்டாம். இறைவனே ஒரு கைம்பெண்ணிடம் கேட்டார்.

இன்று காலையும் அந்த இட்லிக் கடையைக் கடந்து வந்தேன். தூக்குச் சட்டி மூடியிருந்தது. என் சமையலறையில் ஒரு சிறு மண்கலயம் வாங்கி வைத்திருக்கிறேன். சமைப்பதற்கு முன் நானே ஒரு பிடி அள்ளிப் போடுகிறேன். கை சற்றே சுருங்கும்போதெல்லாம், வண்டு பிடித்த அந்த அரிசி நினைவுக்கு வருகிறது, விரல்கள் விரிகின்றன.